வெயிலுகந்தாள் இளைத்த வருஷம்

எங்கள் ஊரில் யார் வீட்டு விசேஷத்திலும் சோறு பற்றாமல் போனது கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ சடங்கோ பதினாறாம் நாளோ எதுவானாலும், எத்தனை பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தாலும், கடைசிப் பந்தி எழுந்த பிறகும் ஒரு அண்டா சாம்பாரும் அரைக் கூடைச் சோறும் மிஞ்சி நிற்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் வயிறெரிய அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதற்கெல்லாம் காரணம் வெயிலுகந்தாளின் வயிறு என்று நாங்கள் நம்பினோம்.

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் முதல் இலையில் அவளை உட்கார வைத்தார்கள், அன்றைக்குச் சோறு மிஞ்சியது, அவ்வளவுதான். அதிலிருந்து ஊரில் எங்கே பந்தி விரித்தாலும் முதல் இலை அவளுக்கு. அவள் நிறையச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போடுவோம். ஒரு கரண்டி குறைவாகச் சாப்பிட்டால் கூட்டத்தில் யாராவது ஒரு பெரிய மனுஷி முகத்தைச் சுருக்குவாள். ஆகவே இன்னொரு கரண்டி வைப்பார்கள், அதன் மேல் இன்னொரு கரண்டி நெய், அதன் மேல் ஒரு கை சர்க்கரைப் பொங்கல். அவள் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் மூன்று வீடுகளுக்குப் போய் மூன்று முதல் இலைகளில் உட்கார்ந்து வந்ததும் உண்டு, அப்போது எங்களுக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ எங்கள் ஊர்ப் பிள்ளை கலெக்டர் ஆகிவிட்ட மாதிரி.

நாற்பத்தாறு வயதில் அவள் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி எல்லாம் இருந்தது. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயமுறுத்தியது மறதிதான். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள், ஒரு நாள் தன் வீட்டு வாசலிலேயே நின்று எதிர்வீட்டுக்காரியிடம் தன் வீடு எது என்று கேட்டாள். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் மகள் ரோகிணி விடுமுறைக்கு வந்தபோது, அவளையே நிமிர்ந்து பார்த்து, "யாரு பெத்த பிள்ளைம்மா நீ?" என்றாள். அதைக் கேட்டு ரோகிணி பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"எங்கம்மா மொகம் எப்பவோ போயிருச்சுட்டி," என்று நினைவு திரும்பியதும் வெயிலுகந்தாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "குரலாவது காதுல இருந்துச்சு, அதுவும் போயிருச்சு. இனி ஒன் மொகமும் போயிருமோன்னு பயமா இருக்கு."

அவள் அம்மா உலகம்மாள், வெயிலுகந்தாளுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒரு போட்டோ கிடையாது. எங்கள் பெரியவர்களிடம் கேட்டால், "நல்ல மனுசிதான், வாய்தான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, உடனே மழையைப் பற்றியோ மிளகாய் விலையைப் பற்றியோ பேசப் போய்விடுவார்கள். அந்தக் குரலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் வெயிலுகந்தாளுக்கு இருந்த ஒரே ஆசை. மறதி தெளிந்தால் அது திரும்பும் என்றுதான், ரோகிணி சொன்ன வயிற்றைக் குறைக்கும் ஆபரேஷனுக்குத் தலையாட்டினாள்.

மதுரை டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுவார்கள். எடை இறங்கினால் சர்க்கரை இறங்கும், மூளைக்கு ரத்த ஓட்டம் சீராகும், பலருக்கு ஞாபகமும் கவனமும் தெளிவாகிறது, ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று எழுதிக் கொடுக்க முடியாது. "மறதி போகும்னு நூத்துக்கு நூறு சொல்ல மாட்டேன். மாத்திரையையும் சாப்பாட்டையும் ஒழுங்காப் பாத்துக்கிட்டா நல்லது நடக்க வாய்ப்பு இருக்கு," என்றார்.

ஊர் கிளம்பி வந்தது. மிளகாய் மண்டி குருவையா, கோயில் கமிட்டித் தலைவர், எண்பதைத் தொடப் போகிறவர், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றார். "தாயி, ஒன் வயித்தைக் குறைச்சா ஊரு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போட முடியுமா?"

"எங்கம்மாவுக்கு இருக்கது ஒரு வயிறு தாத்தா," என்றாள் ரோகிணி. "ஊருப் பொது அண்டா இல்லை."

ஆபரேஷன் முடிந்து வந்த வெயிலுகந்தாள் மருந்து குடிக்கும் சின்னக் கிளாஸில் பருப்புத் தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் குடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுப் போன பெண்கள் தெருமுனையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பந்தியில் ஒரு வாளி ரசத்தைக் குடித்தவள் இப்படி ஆகிவிட்டாளே என்று பேசிக்கொண்டார்கள். அந்த வருத்தமெல்லாம் முதல் கிலோ இறங்கும் வரைக்கும்தான்.

முதல் கிலோ இறங்கிய காலையில் அவள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை, ஆனால் பலாப்பழப் பாயசம் தெரு முழுக்க மணத்தது. என்னடா என்று எட்டிப் பார்த்தவர்களிடம் வெயிலுகந்தாள் வாயைத் திறந்து, போன ஆவணியில் நடந்த கிரகப்பிரவேசத்தில் எலெக்ட்ரீஷியன் சுடலைமணி சொன்னதை, சுடலைமணியின் கரகரத்த குரலிலேயே சொன்னாள்: "வீடு நல்லாத்தான் கட்டிருக்கான், பாயசத்துலதான் முந்திரியக் கண்ணுல காட்டலை." அதற்கு அவன் மனைவி அதட்டியதையும், யாரோ ஒரு குழந்தை அப்பளம் கேட்டு அழுததையும், அந்தந்தக் குரலிலேயே ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் மணம் நின்றது, தராசில் ஏறிப் பார்த்தால் சரியாக ஒரு கிலோ குறைந்திருந்தது.

டீக்கடைக்காரர் இதைச் சட்டென்று விளங்கிக்கொண்டு எல்லாருக்கும் விளக்கிவிட்டார்: தின்னும்போது காதில் விழுந்ததெல்லாம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்க் கொழுப்பாக உட்கார்ந்துவிட்டது, இப்போது கரையக் கரைய வெளியே வருகிறது, கடைசியாகச் சேர்ந்தது முதலில் வரும், முதலில் சேர்ந்தது கடைசியில் வரும். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படியானால் ஆக அடியில் உலகம்மாள் இருப்பாள் என்று வெயிலுகந்தாள் கணக்குப் போட்டாள். அன்றிலிருந்து மகள் சொன்ன சொல்லைத் தட்டவில்லை.

அதன் பிறகு எங்கள் ஊருக்குப் பிடித்த உற்சாகத்தை என்னவென்று சொல்ல! வீட்டுத் தராசு நம்பகமில்லை என்று குருவையா மண்டியிலேயே மிளகாய் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் தினமும் காலையில் அவளை ஏற்றினோம், சுற்றி நின்ற கூட்டம் மிளகாய் நெடியில் தும்மித் தும்மி முள்ளைப் பார்த்தது, குறைந்திருந்தால் ஒரே ஆரவாரம். இன்றைக்கு எந்த வருஷம், யார் வீட்டுப் பந்தி என்று கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் அறிவித்தார்கள், அந்த வீட்டுக்காரர்கள் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் நூறு கிலோவுக்குக் கீழே இறங்கிய அன்று பதினாயிரம் வாலா வெடித்தோம். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுமுறை விட்டதாகப் பேச்சு, நான் பார்க்கவில்லை. வெயிலுகந்தாளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, அதற்கு மட்டும் கொஞ்சம் அழுதாள். முடி திரும்ப வளரும், சத்து மாத்திரை ஒரு நாள் தப்பினாலும் நரம்பு கெட்டுப்போகும், மறதியும் திரும்பிவிடும் என்று ரோகிணி போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே தெருவில் யாரைப் பார்த்தாலும் நாங்கள் சௌக்கியம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "வெயிலு மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கத் தொடங்கினோம்.

தையல்கடை வேலாண்டி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கல்யாணம் முடிந்த மறு வாரமே அப்பா லாரியில் அடிபட்டுப் போய்விட்டார், கல்யாணப் பந்தியில் தன்னை வாழ்த்தி ஏதாவது சொல்லியிருப்பார் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கிலோ இறங்கும் நாளில் கத்திரிக்காய் பொரியல் மணத்தது, அவன் அப்பாவின் குரல் நிதானமாக வந்தது: "ரசத்துக்கு உப்பு பத்தலை. அந்த எலைக்கு இன்னொரு அப்பளம் வைங்கப்பா." அவ்வளவுதான். வேலாண்டி எழுந்து தெருத் தெருவாக ஓடினான், "எங்கப்பா பேசுனாருய்யா! ரசத்துக்கு உப்பு பத்தலைன்னாருய்யா!" என்று வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிச் சொன்னான், அன்றைக்கு ஊரில் பாதி வீடுகளில் ரசம் வைத்தார்கள்.

சந்தோஷம் எல்லாருக்கும் இல்லை. பந்தியில் உட்கார்ந்து அடுத்தவனைப் பற்றிப் பேசாதவன் எங்கள் ஊரில் கிடையாது. தங்கள் வருஷம் நெருங்க நெருங்கப் பலர் கோயில் குழாய்ச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டார்கள். எண்பத்தொன்பதாம் வருஷப் பந்தியில் சம்பந்தி வீட்டாரைப் பஞ்சப் பரதேசிகள் என்று சொன்ன ஒரு அம்மாள், அந்த வருஷம் வருவதற்கு முன்னால் பழத்தட்டோடு போய்ச் சம்பந்தி காலில் விழுந்துவிட்டாள். சம்பந்தியும், "நான் மட்டும் என்ன வாயைக் கட்டிக்கிட்டா இருந்தேன்?" என்று பதிலுக்கு விழுந்தாள். இப்படி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பரவி, கடைகளில் ஆப்பிள் தட்டுப்பாடு வந்தது.

மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். வெயிலுகந்தாள் எல்லாவற்றையும் மளமளவென்று செய்துவிட்டு, போன தடவை வந்தபோது வாசலில் நர்சு யாரிடம் என்ன பேசினாள் என்பதையும் கூடுதலாகச் சொன்னாள். டாக்டரம்மா சீட்டில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினார்.

இப்படிக் கரைந்து கரைந்து அவள் எழுபத்தொரு கிலோவுக்கு வந்தாள். குரல்கள் பின்னால் போய்ப் போய் அவளுடைய பத்தாவது வயதில் நின்றன. அதோடு தராசு முள்ளும் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் கீழே உலகம்மாள் இருந்தாள். வாரங்கள் போயின, முள் அசையவில்லை. உடம்பு இப்படிச் சில நாள் முரண்டு பிடிக்கும், பட்டினி கிடக்காதே, நட என்றார் டாக்டரம்மா. நாங்கள் சும்மா இருப்போமா? அவள் சாயங்காலம் கண்மாய்க் கரையில் நடக்கும்போது முதலில் பத்துப் பேர் கூட நடந்தோம், பிறகு ஐம்பது பேர், பிறகு ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டோடு சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் பலருக்குச் சர்க்கரை இறங்கியது, வெயிலுகந்தாளுக்கு மட்டும் ஒரு கிராம் இறங்கவில்லை. "போச்சுட்டி," என்று ரோகிணியிடம் சொன்னாள். "எங்கம்மாவுக்கு எம்மேல என்ன கோவமோ, வர மாட்டேங்கா."

அந்த நேரம் பார்த்து அம்மன் கொடை வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வந்து சாப்பிடும் பந்தி. குருவையா அரிசி மூட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். வீட்டு விசேஷங்களில் அவள் இல்லாமல் எப்படியோ சமாளித்துவிட்டார்கள், ஆனால் கொடையில் சோறு பற்றாமல் போனால் ஊர் மானம் என்ன ஆவது? தள்ளாடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல் எலையில வந்து உக்காரு தாயி. ஊருக்காக. ஒரே ஒரு வாய்."

"ஒரு வாய்னுதான் ஆரம்பிச்சிருப்பீங்க," என்றாள் ரோகிணி. "திங்கக்கூடாததைத் திணிச்சா வயிறு தாங்காது, மறுபடியும் ஒடம்பு ஏறும், அப்புறம் எங்க ஆச்சி குரல் வரவே வராது. எம்மா, வேண்டாம்னு சொல்லு."

வெயிலுகந்தாள் மகளைப் பார்த்தாள், குருவையாவைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சொல் வராது. கொடையன்று உச்சி வெயிலில், செருப்பில்லாமல், தொளதொளத்துப் போன பழைய பட்டுச்சேலையை இடுப்பில் இரண்டு சுற்று அதிகம் சுற்றிக்கொண்டு, கோயிலுக்கு நடந்து போய் முதல் இலையில் உட்கார்ந்தாள்.

பரிமாறுகிறவர்களுக்குப் பழைய பழக்கம் விடவில்லை. சோற்றைக் குன்றாகக் கொட்டினார்கள், அதில் குழி பறித்துச் சாம்பார் ஊற்றினார்கள், அவியல், பொரியல், பச்சடி, ஒரு கை சர்க்கரைப் பொங்கல். குருவையாவே நெய்க் கரண்டியோடு எதிரே நின்றார். பந்தல் நிறைந்த கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. வெயிலுகந்தாள் ஒரு கவளம் உருட்டினாள். பின்னாலிருந்து யாரோ, "இன்னும் வைங்கப்பா, இன்னும் வைங்க," என்றார்கள். அவள் கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. இந்தக் கொடைச் சமையலும் அவள் எட்டு வயதில் உட்கார்ந்த கொடைச் சமையலும் ஒரே மணம் என்பதால் அடுத்த கிலோ கரைந்தது யாருக்கும் தெரியவில்லை. கணீர் என்று பந்தல் அதிர ஒரு பெண் குரல் வந்த பிறகுதான் தெரிந்தது.

"குருவையண்ணே! கரண்டியக் கீழ போடும்! எம்பிள்ள வயிறு என்ன ஒம்ம மண்டிச் சாக்கா, காலால மிதிச்சு மிதிச்சு அடைக்கதுக்கு? பிள்ளைக்குக் கண்ணு சொருகுது, ஒருத்தருக்கும் தெரியலை? எட்டு வயசுப் பிள்ளை வயித்துல ராசி பாக்க வந்துட்டீக, ஊரே கூடி! சோறு பத்தலைன்னா இன்னொரு ஒலை வையுங்கய்யா! அரிசி இல்லையா, வெறகு இல்லையா, ஒங்களுக்குக் கைதான் இல்லையா?"

குருவையாவின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. குரல் சட்டென்று இறங்கிக் கிட்டத்தில் பேசியது.

"ஏட்டி வெயிலு. இங்க பாரு, அழாத. போதும்னு சொல்லுட்டி. வாயத் தெறந்து சொல்லு. சொல்லிப் பழகிக்க. நான் எந்நேரமும் ஒம் பக்கத்துலயேவா இருப்பேன்?"

வெயிலுகந்தாள் கவளத்தை இலையில் திரும்ப வைத்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. துடைக்கவில்லை. தன் சொந்தக் குரலில், முதலில் மெதுவாக, பிறகு பந்தலின் கடைசி மூங்கில் வரைக்கும் கேட்கும்படி, "போதும்!" என்றாள். சொல்லிவிட்டு இலையை மடித்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் கரண்டி கீழ விழுந்துச்சு," என்றார் குருவையா, அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். "மறு மாசம் அவ போயிட்டா. கேக்கதுக்கு ஆளில்லைன்னு நாங்க மறுபடியும் ஒன்னைக் கூப்பிட்டு உக்கார வச்சிட்டோம் தாயி. என்னா வாய், என்னா வாய்! அந்த வசவைக் கேட்டு முப்பத்தெட்டு வருசமாச்சு!"

ரோகிணி ஓடிவந்து அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். "எம்மா, எங்க ஆச்சி இப்படியா பேசும்?"

"இப்படித்தாண்டி! இப்படியேதான்!" என்று கத்தினாள் வெயிலுகந்தாள், தாய் வைததை ஊருக்கே காட்டிக்கொடுத்த பெருமையில் முகமெல்லாம் பூரித்து. "கேட்டியா, எப்படிக் கேட்டா பாத்தியா? ஒரு பய வாயத் தெறக்கலையே!" பந்தலே எழுந்து கை தட்டியது. வசவு வாங்கிக்கொண்டு ஊர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவள் இன்னும் ஒரு கிலோ இறங்கியிருந்தாள். அதற்கு அடியில் வேறு குரல் எதுவும் இல்லை.

அன்றைக்கு மூன்றாவது பந்தியின் நடுவில் சோறு தீர்ந்துவிட்டது. சமையல்காரர் வெறும் அண்டாவைச் சாய்த்துக் காட்டினார். இலை போட்டு உட்கார்ந்த இருநூறு பேர் வெறும் இலையைப் பார்த்தார்கள், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம், பிறகு யார் சொன்னது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஒருவர் விறகு கொண்டுவந்தார், நாலைந்து வீடுகளிலிருந்து அரிசி வந்தது, உலை கொதிக்கும் வரை உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். குருவையா படியால் அரிசியை அளந்து போட்டுவிட்டு, "இம்புட்டுப் போதுமா தாயி?" என்று கேட்டார்.

"பத்தாது மாமா," என்றாள் வெயிலுகந்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பு அனலில் வேர்க்க வேர்க்க நின்று. "இன்னும் ரெண்டு படி போடுங்க."